டி.பி.எம்.எல்-ல அந்த ‘எம்’ யாரு?

திருவேட்டக்குடின்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு சட்டுன்னு புரியாது. "காரைக்கால் பக்கமா?"ம்பாங்க. ஆமாங்க, காரைக்கால் பக்கம்தான். சம்பந்தர் பாடின சிவன் கோயில், கிழக்கால கடல், இப்ப புதுசா ஒரு என்.ஐ.டி. இவ்வளவுதான் ஊர். வடக்க போனா பூவம், அதைத் தாண்டி நண்டலாறு. பாலத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, பொறையாறு. அங்கேர்ந்து தரங்கம்பாடிக் கோட்டை பக்கம்தான். எங்க காலத்துல இதெல்லாம் சைக்கிள்ல போற தூரம்.

பொறையாறுல ஒரு காலேஜ் இருக்கு. டி.பி.எம்.எல்.னு சொல்லுவோம். எங்க ஊர்ப் பக்கம் பாதிப் பேர் அங்கதான் படிச்சோம். "எங்க படிக்கிற?" "டி.பி.எம்.எல்." அவ்வளவுதான். முழுப் பேரை யாரும் கேட்டதும் இல்ல, சொன்னதும் இல்ல. டி-ன்னா டிராங்கிபார், அதாவது தரங்கம்பாடி. பி-ன்னா பிஷப். எல்-ன்னா லுத்தரன். இது வரைக்கும் தெரியும். நடுவுல இருக்கிற எம்? மூணு வருஷம் அந்த கேட்டைத் தாண்டிப் போய் வந்திருக்கேன், ஒரு நாள் கூட யோசிச்சதில்ல.

நாப்பது வயசுக்கு மேல தெரிஞ்சுகிட்டேன். அதுவும் மானம் போனதுக்கப்பறம். கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

எங்க சபை சின்னது. கல்யாணம், கிறிஸ்துமஸ் தவிர மத்த நாள்ல பெஞ்சு நிறையாது. அந்த சபைக்கு பதினாலு வருஷம் நான்தான் செயலாளர். செயலாளர்னா கணக்கு எழுதறது, கூட்டம் போடறது, இவ்வளவுதான் வேலை. ஆனா நான் எல்லாத்தையும் பார்ப்பேன். ஆராதனை முறை நோட்டீஸை நானே டைப் பண்ணி, நானே ஜெராக்ஸ் எடுத்து, நானே மடிப்பேன், ஏன்னா மத்தவங்க மடிச்சா ஓரம் சேராது. மைக் வயர் நான்தான் சுத்தணும், ஏன்னா மத்தவங்க முறுக்கிடுவாங்க. கிறிஸ்துமஸ் ஸ்டார்ல பல்பு மாட்டறதுலேர்ந்து பாடகர் குழு எந்த வரிசையில நிக்கணும்ங்கிறது வரைக்கும். எல்லாரும், "அண்ணன் இல்லாம ஒண்ணும் ஓடாது"ம்பாங்க. அதைப் புகழ்ச்சின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். :-)

ஒரு டிசம்பர்ல வாலிபர் சங்கத்துப் பையன் ஒருத்தன், மீன்பிடிக் குடும்பம், பிளஸ் டூ படிச்சுக்கிட்டிருந்தான். ஆலய முகப்புல இருக்கிற கரும்பலகையில கலர் சாக்பீஸ்ல படம் வரையறேன்னு கேட்டான். சரின்னுட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தா ஒரு ஃபைபர் படகு, அதுல மூணு பேர், தலைக்கு மேல நட்சத்திரம். மூணு சாஸ்திரிகளும் கைலி கட்டியிருக்காங்க. கீழ பெரிசா ‘கிறிஸ்து பிரந்தார்’னு எழுதியிருந்தான். ஆமா, சின்ன ‘ர’.

நான் என்ன பண்ணியிருக்கணும்? ஒரு எழுத்தைத் திருத்தச் சொல்லியிருக்கணும். நான் பண்ணினது, ஈரத்துணியை எடுத்து பலகை முழுசையும் துடைச்சேன். படகு, நட்சத்திரம், எல்லாம். அப்பறம் ஸ்கேல் வெச்சு கோடு போட்டு என் கையெழுத்துல ‘கிறிஸ்து பிறந்தார்’னு அழகா எழுதினேன். அவன் பக்கத்துலதான் நின்னான். கையில நீல சாக்பீஸ் துண்டு. ஒண்ணும் சொல்லல. அடுத்த ஞாயித்துக்கிழமை வரல. அதுக்கடுத்ததும் வரல. "அவனுக்கு வேலை இருக்குங்க சார்"னு அவங்கம்மா சொன்னாங்க. பிளஸ் டூ முடிச்சான், கத்தாருக்குப் போயிட்டான்.

இதை எங்க ஐயர்கிட்ட (லுத்தரன் சபையில போதகரை இன்னும் ஐயர்னுதான் சொல்லுவோம், வேற ஐயர் இல்ல) ரொம்ப நாள் கழிச்சு ஒரு பேச்சு வாக்குல சொன்னேன். திட்டுவார்னு பார்த்தேன். அவர் கேட்டது, "நீங்க டி.பி.எம்.எல்-லதானே படிச்சீங்க? எம் யாரு, தெரியுமா?" தெரியாதுன்னேன். "தேடிப் பாருங்க. அவர் அந்த நாற்காலிக்கு வர எத்தனை வருஷம் ஆச்சுன்னு பாருங்க"ன்னார்.

தேடினேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

1706 ஜூலை 9. பார்த்தலோமேயு சீகன்பால்குங்கிற ஜெர்மன்காரர், கூட ஹென்றி புளுட்சோ, டென்மார்க் ராஜா நாலாம் ஃபிரடரிக் அனுப்பி தரங்கம்பாடியில இறங்கினாங்க. சீகன்பால்குக்கு மறுநாள்தான் இருபத்துநாலு முடியுது. தரங்கம்பாடியில டேனிஷ்காரங்க கோட்டை 1620-லேர்ந்து இருக்கு. ஆனா அவங்க வியாபாரத்துக்கு வந்தவங்க. மிஷனரின்னாலே அவங்களுக்குத் தலைவலி.

இந்த மனுஷர் பண்ணின வேலையைப் பார்த்தா எனக்கே மூச்சு வாங்குது. குழந்தைகளோட உக்காந்து மணல்ல விரலால அ, ஆ எழுதிப் படிச்சார். ஒரு ரெண்டு வருஷத்துல, 1708-ல, தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். நூத்துக்கும் மேல நூல்கள், ஒவ்வொண்ணுக்கும் குறிப்பு. அதே வருஷம் அக்டோபர்ல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல பெயர்க்க ஆரம்பிச்சார். நவம்பர்ல கோட்டைத் தளபதி ஹாசியஸ் பிடிச்சு உள்ள போட்டார், நாலு மாசம். வெளிய வந்து விட்ட எடத்துலேர்ந்து தொடர்ந்து 1711 மார்ச்ல முடிச்சார். நடுவுல பள்ளிக்கூடம், பிரசங்கம், தமிழ் இலக்கணம், அகராதி, தென்னிந்தியத் தெய்வங்களைப் பத்தி ஒரு பெரிய நூல். அந்த நூலை ஜெர்மனிக்கு அனுப்பினா, அங்க அச்சுப் போட மாட்டோம்னுட்டாங்க. 1867-லதான் சென்னையில அச்சாச்சு.

தனியா செஞ்சார்னு சொல்லிட முடியாது. பல பாஷை தெரிஞ்ச அழகப்பன், வாத்தியார் மகன் கணபதி, ஏடு எழுதிக் குடுத்தவங்க, சந்தேகம் தீர்த்தவங்கன்னு ஒரு கூட்டமே இருந்தது. ஆனா பைபிள்ல எந்த வார்த்தை போகணும்னு முடிவு பண்றது அவர் கை. சபையில நற்கருணை குடுக்கறது, ஞானஸ்நானம் குடுக்கறது எல்லாம் வெள்ளைக்காரக் கை. தமிழாளுங்க உபதேசியார் வரைக்கும்தான்.

ஒரு சுவாரசியமான விஷயம். இங்கிலாந்துலேர்ந்து ஒரு அச்சு இயந்திரம் தரங்கம்பாடிக்கு அனுப்பினாங்க. அதை ஓட்டத் தெரிஞ்ச ஆளும் கூடக் கப்பல் ஏறினார். வழியிலயே செத்துப் போனார். மிஷின் மட்டும் வந்து இறங்குது, ஓட்ட ஆளில்ல! கோட்டையில இருந்த ஒரு சிப்பாய்க்கு அச்சு வேலை தெரியும்னு கண்டுபிடிச்சு அவரை வெச்சு ஓட்டினாங்க. 1713-ல ஜெர்மனி ஹாலே நகரத்துலேர்ந்து தமிழ் எழுத்துக்கள் வந்துச்சு. ஒவ்வொண்ணும் ரொம்பப் பெரிசு, காகிதம் தின்னுது. பொறையாறுலயே சின்ன எழுத்து வார்த்தாங்க. காகித ஆலையும் அங்கயே. 1714-ல சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சாகி முடிஞ்சது. மீதி?

இங்கதான் எனக்கு சுருக்குன்னு இருந்தது. அந்த அக்டோபர்ல சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறிட்டார். மிஷனுக்கு ஆதரவு தேடி. நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சுப் பார்த்தேன். பாதி புஸ்தகம் மிஷின்ல இருக்கும்போது விட்டுட்டுப் போவேனா? கப்பலையே நிறுத்தியிருப்பேன். அவர் போனார். கிரண்ட்லர்னு அவரோட தோழர், 1709-ல வந்தவர், மீதியை 1715-ல அச்சுப் போட்டு முடிச்சார். இந்திய மொழிகள்லயே முதல்ல அச்சான புதிய ஏற்பாடு அதுதான். அதோட கடைசி ஃபாரம் ஓடினப்ப மொழிபெயர்த்தவர் ஊர்லயே இல்ல.

1716-ல திரும்பி வந்தார். வந்த சூட்டுல தமிழ்ப் பையன்களை ஊழியத்துக்குப் பயிற்சி குடுக்க ஒரு செமினரி ஆரம்பிச்சார். கப்பல்ல யோசிச்சிருப்பாரோ என்னமோ. அது என் கற்பனை, விட்டுடுங்க.

இதுக்குள்ள கோபன்ஹேகன்ல மிஷன் நிர்வாகத்துக்கு வெண்ட்னு ஒருத்தர் செயலாளர். செயலாளர்னாலே அப்படித்தான் போல. அவர் கருத்து, மிஷனரிங்க பழைய அப்போஸ்தலர்கள் மாதிரி எளிமையா ஊர் ஊரா போகணும், கட்டடம் கட்டறது, பள்ளிக்கூடம் நடத்தறது, செலவு பண்றதெல்லாம் வீண், சபையை அந்த ஊர்க்காரங்களே நடத்திக்கட்டும்ங்கிறது. படிக்க நல்லாத்தான் இருக்கு. இன்னிக்கு யாராவது சொன்னா கை தட்டுவோம். ஆனா அவர் அதைச் சொன்ன விதம் இருக்கே! ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உக்காந்துகிட்டு, உடம்பு முடியாம இருந்த மனுஷனுக்குக் குத்திக் குத்திக் கடிதம். தரங்கம்பாடி வெயில் எப்படி இருக்கும்னு தெரியாத ஆள். சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23-ல செத்துப்போனார். முப்பத்தாறு வயசு. அந்தக் கடிதங்கள்தான் அவரை உடைச்சதுன்னு அவர் வரலாறு எழுதினவங்க சொல்றாங்க. அடுத்த வருஷமே கிரண்ட்லரும் போயிட்டார். ரெண்டு பேரும் அவங்க கட்டின புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளயே இருக்காங்க. தரங்கம்பாடி போனா பாருங்க, கோட்டைக்குப் போற ராஜ வீதியிலதான்.

சரியான விஷயத்தை ஈரமில்லாம சொன்னா என்ன ஆகும்ங்கிறதுக்கு வெண்ட் ஒரு உதாரணம். ‘ற’ போடணும்ங்கிறதும் சரியான விஷயம்தானே.

சீகன்பால்கு சாகும்போது பழைய ஏற்பாடு மொழிபெயர்ப்பு ரூத் வரைக்கும் வந்திருந்தது. முப்பத்தொன்பது புத்தகத்துல எட்டாவது. மீதி முப்பத்தொண்ணை சூல்ட்சேங்கிற அடுத்த மிஷனரி முடிச்சு, 1728 வாக்குல அச்சாகி முழுசாச்சு. நடையில குறை இருந்தது. இருக்கட்டும், முழு பைபிள் கைக்கு வந்துச்சு.

இப்ப எங்க ஊர்ப் பக்கம் வரேன். காரைக்கால் பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்தது 1739-ல. அதுக்கு முன்னாடி நண்டலாத்துக்கு இந்தப் பக்கம் எல்லாம் தஞ்சாவூர் மராட்டிய ராஜ்ஜியம். டேனிஷ் எல்லைங்கிறது தரங்கம்பாடி, பொறையாறுன்னு ஒரு சின்னத் துண்டு. அதுக்கு வெளிய காலெடுத்து வெச்சா மிஷனரிக்கு ராஜா அனுமதி வேணும். அனுமதி சுலபத்துல கெடைக்காது. அதனால என்ன ஆச்சு? வெளிய போற வேலை பூராவும் தமிழ் உபதேசியார்கள் தலையில. அவங்களுக்கு எந்த ராஜா அனுமதியும் வேணாம், வெள்ளை முகம் இல்லையே. ஓலைச்சுவடியையும் அச்சடிச்ச புஸ்தகத்தையும் எடுத்துகிட்டு நடந்தாங்க. தினம் எங்க போனோம், யாரைப் பார்த்தோம், அவர் என்ன கேட்டார்னு எழுதிக் குடுக்கணும். அது ஜெர்மன்ல பெயர்க்கப்பட்டு ஹாலேவுல அச்சாச்சு. ஜெர்மனியில இருக்கிறவங்க காவிரிக் கரைக் கிராமங்களைப் பத்தி இவங்க நடந்த நடையாலதான் படிச்சாங்க.

யாரும் பெரிய மனசு பண்ணி ஒப்படைக்கல. கதவு சாத்தியிருந்தது, வேற வழியில்ல, அதனால ஒப்படைச்சாங்க. இது முதல் தடவை. இன்னும் ரெண்டு வருது, எண்ணிக்குங்க.

அப்படி நடந்தவங்கள்ல ஒருத்தர் ஆரோன். கடலூர்க்காரர், பழைய பேரு ஆறுமுகம், வேளாளர் குடும்பம். 1718-ல ஞானஸ்நானம் வாங்கினவர். மாயவரம் வட்டாரத்துல உழைச்சவர். 1733 டிசம்பர் 28-ந் தேதி புதிய எருசலேம் ஆலயத்துல அவருக்குக் குருப்பட்டம் குடுத்தாங்க. இந்தியாவுல புராட்டஸ்டன்ட் சபையில குருப்பட்டம் வாங்கின முதல் இந்தியர். இவங்களை ‘நாட்டையர்’னு சொன்னாங்க. மிஷன் வந்து இருபத்தேழு வருஷம் கழிச்சு முதல் தடவையா ஒரு தமிழர் கையால நற்கருணை. 1741-ல ரெண்டாவது ஆள், தியாகு. ஆரோன் 1745-ல இறந்தார். பன்னெண்டு வருஷத்துக்கும் கம்மி.

இதை எழுதிட்டு அப்படியே சந்தோஷமா போயிடலாம். ஆனா ராஜநாயக்கனைப் பத்திச் சொல்லாம போனா அது யோக்கியமான எழுத்து இல்ல.

ராஜநாயக்கன் தஞ்சாவூர்ப் படையில சேர்வைக்காரர். கத்தோலிக்கராப் பிறந்தவர், பறையர் சமூகம். தரங்கம்பாடியில அச்சான அந்தப் புஸ்தகம் எப்படியோ அவர் கைக்குப் போகுது. படிச்சுட்டுத் தானே தேடிகிட்டு வரார், 1727 வாக்குல. யோசிச்சுப் பாருங்க, எந்த மிஷனரியும் போக முடியாத தஞ்சாவூருக்கு புஸ்தகம் போயிருக்கு, அங்கேர்ந்து ஒரு ஆள் வந்திருக்கார். வேலையை விட்டுட்டு உபதேசியார் ஆனார். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சபை வளர்ந்ததுல அவர் பங்கு பெரிசு. உதை வாங்கினார், வீடு போச்சு, பின்வாங்கல.

1733-ல யாருக்குக் குருப்பட்டம்னு பேச்சு வந்தப்ப இவர் பேரும் அடிபட்டது. தகுதியில குறைன்னு யாரும் சொல்லல. பறையர் கையால நற்கருணை வாங்க வேளாளக் கிறிஸ்தவங்க தயங்குவாங்க, ஜனங்க மத்தியில மதிப்பு இருக்காதுன்னு விட்டுட்டாங்க. கடைசி வரைக்கும் உபதேசியார்தான்.

ஆரோன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. அவர் உழைப்பு அவருது. ஆனா அந்த மிஷனரிங்க மேல கோபம் வருது. ‘எல்லாம் ஒழுங்கா இருக்கணும், சலசலப்பு வரக்கூடாது’ங்கிற நெனப்பு எவ்வளவு சாதுவா ஆரம்பிச்சு எங்க போய் நிக்குது பாருங்க. யாருக்குப் பொறுப்புக் குடுக்கறோம், யாருக்குக் குடுக்கலைங்கிறதுல நம்ம பயம் பூராவும் வெளிய தெரிஞ்சுடுது. எங்க சபையில நான் நோட்டீஸ் மடிக்கக் குடுத்தது யாருக்கு, பெஞ்சு தூக்கச் சொன்னது யாரைன்னு அன்னிக்கு ராத்திரி உக்காந்து யோசிச்சேன். நல்லாத் தூக்கம் வரல.

இன்னொரு ஆளையும் இங்க சொல்லணும். ஃபப்ரீசியஸ். 1740-ல வந்து, 42-ல சென்னைக்குப் போய், 1791-ல சாகற வரைக்கும் வேப்பேரியில இருந்தவர். பழைய மொழிபெயர்ப்பு அவருக்குத் திருப்தியில்ல. முதல்லேர்ந்து வார்த்தை வார்த்தையா செதுக்கினார். எழுதினதைப் பெரியவங்க, சின்னவங்க, படிச்சவங்க, படிக்காதவங்கன்னு எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டி, புரியுதான்னு கேட்டுத் திருத்துவாராம். புதிய ஏற்பாடு 1772-ல வந்தது. பழைய ஏற்பாடு முழுசா அச்சாகி வந்ததைப் பார்க்க அவர் இல்ல. லுத்தரன் சபைகள்ல அந்த பைபிளை ரொம்பக் காலம் விடாம வெச்சிருந்தாங்க. எங்க ஆயா அதைத்தான் வாசிப்பாங்க, வேற பைபிள்ல வாசிச்சா காதுல விழாத மாதிரி இருப்பாங்க.

சொல்லை இப்படிக் காத்தவர் காசு விஷயத்துல என்ன பண்ணினார் தெரியுமா? தன்னை நம்பி மத்தவங்க குடுத்த பணத்தை ஒரு உபதேசியார் கையில விட்டார். அது பெரிய இடத்து ஆளுங்களுக்குக் கடனாப் போய் திரும்பி வரல. அவர் கணக்குக் கேட்கல. கடைசி காலத்துல கடனுக்காக ஜெயிலுக்குப் போனார், அந்த வயசுல. தனக்குப் பிடிச்ச வேலையை யார்கிட்டயும் விடல, பிடிக்காத வேலையை மொத்தமா விட்டுட்டுத் திரும்பிக் கூடப் பார்க்கல. ஒப்படைக்கிறது வேற, கைகழுவறது வேற. இதை நான் பின்னாடி கத்துக்கிட்டேன், எங்க சபை கேரல் ரவுண்ட்ஸ் காணிக்கைக் கணக்கு விஷயத்துல. அது இன்னொரு பதிவு போடற அளவுக்கு இருக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டைக் கொஞ்சம் வேகமாத் தாண்டிடறேன். 1840-கள்ல தரங்கம்பாடி வேலையை லைப்சிக் மிஷன் எடுத்துக்கிச்சு. மறுபடியும் ஜெர்மன்காரங்க. 1845-ல ஊரையே டென்மார்க் இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டாங்க. அந்தச் சமயத்துல லண்டன்ல சி.எம்.எஸ். செயலாளர் (இவரும் செயலாளர்!) ஹென்றி வென் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கிட்டிருந்தார். மிஷன்ங்கிறது கட்டடம் கட்டும்போது போடற சாரம் மாதிரி, கட்டடம் நின்னதும் பிரிச்சு எடுத்துடணும், உள்ளூர்ச் சபை தன் காசுல, தன் நிர்வாகத்துல, தானே பரவணும்னு. கொத்தனாருக்குத் தெரியும் சாரம் எப்பப் பிரிக்கணும்னு. ஆனா இங்க சாரத்து மேல நின்னவங்களுக்கு இறங்க மனசே வரல.

ஆங்கிலிகன் பக்கம் கொஞ்சம் முன்னாடி நடந்தது. திருநெல்வேலி வெள்ளாளன்விளைக்காரர் வி.எஸ். அசரியா 1912 டிசம்பர் 29-ல கல்கத்தாவுல பிஷப் ஆனார், தோர்ணக்கல்லுக்கு. ஆங்கிலிகன் சபையில முதல் இந்திய பிஷப். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எடின்பரோவுல உலக மிஷனரி மாநாட்டுல, எங்களுக்கு நீங்க குடுத்ததெல்லாம் சரி, நட்பைக் குடுங்கன்னு அவர் கேட்டது அந்த மண்டபத்தையே நெளிய வெச்சுதாம். காசு குடுக்கறதும் உழைப்பு குடுக்கறதும் சுலபம். பக்கத்து நாற்காலி குடுக்கறதுதான் கஷ்டம்.

நம்ம தரங்கம்பாடிப் பக்கம் ரெண்டாவது கதவு எப்ப சாத்திச்சு? முதல் உலகப் போர்ல. ஜெர்மன்காரங்க இங்கிலீஷ் அரசாங்கத்துக்கு எதிரி நாட்டவங்க. லைப்சிக் மிஷனரிகளைக் காவல்ல வெச்சு, 1915-16 வாக்குல கப்பலேத்தி அனுப்பிட்டாங்க. பள்ளிக்கூடம், சபை, நிலபுலன், கணக்கு வழக்கு எல்லாம் அப்படியே நிக்குது. சுவீடன் மிஷன் கை குடுத்தது, தமிழ்ப் போதகர்கள் இழுத்துக்கிட்டுப் போனாங்க. 1919 ஜனவரி 14, பொங்கலன்னிக்கு, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைன்னு ஒரு தனிச் சபையா ஆச்சு. அதுதான் டி.இ.எல்.சி. ரெண்டாவது தடவையும் தானா விடல.

சரி, சபை தமிழ்ச் சபை ஆச்சு. பேராயர் யார்? 1921-ல முதல் தரங்கைப் பேராயர் ஹேமான், சுவீடன்காரர். அடுத்தவர் பெக்செல், சுவீடன். அடுத்தவர் சாண்டகிரன், அவரும் சுவீடன். நல்ல மனுஷங்கதான், தமிழ் தெரிஞ்சவங்கதான். ஆனா பேரு தமிழ்ச் சபை, உக்காந்திருக்கறவர் தமிழர் இல்ல. நாடு சுதந்திரம் வாங்கிடுச்சு. 1954 நவம்பர்ல எங்க காரைக்கால்லேர்ந்து பிரெஞ்சுக்காரனே கெளம்பிட்டான். இவங்க இன்னும் இறங்கல. மூணாவது தடவை தள்ளினது அந்தக் காலம்தான், இந்தியாவுல இனி யாரும் வெளியிலேர்ந்து வந்து நாற்காலியில உக்கார முடியாதுங்கிற நெலம.

1956-ல நாலாவது பேராயரா ஒரு தமிழர் வந்தார். ராஜா மாணிக்கம். டாக்டர் ராஜா பி. மாணிக்கம். அதுக்கு முன்னாடியே உலகத் திருச்சபைகளோட அமைப்புகள்ல கிழக்காசியாவுக்கே செயலாளரா சுத்தி வந்தவர்.

அதுதாங்க எம். தரங்கம்பாடி பேராயர் மாணிக்கம் லுத்தரன் கல்லூரி.

எத்தனை வருஷம்னு ஐயர் பார்க்கச் சொன்னாரே, போட்டுப் பார்த்தேன். ஆரோனுக்குக் குருப்பட்டம் குடுத்ததுலேர்ந்து 223 வருஷம். அசரியாவுக்கப்பறம் 44 வருஷம். சீகன்பால்கு கரையிறங்கினதுலேர்ந்து கணக்கா 250 வருஷம். அதுல எத்தனை ராஜநாயக்கன்கள் வாசப்படியிலயே நின்னுட்டுப் போயிருப்பாங்க!

ஐயர்கிட்ட போய்ச் சொன்னேன். "மாணிக்கம்"னேன். "எவ்வளவு?"ன்னார். "இருநூத்தம்பது"ன்னேன். "உங்களுக்குப் பதினாலு தானே ஆச்சு, பரவால்ல"ன்னுட்டு சைக்கிளை எடுத்துகிட்டுப் போயிட்டார்.

திருந்திட்டேனான்னா, நானாத் திருந்தல. எனக்கும் ஒரு கதவு சாத்த வேண்டியிருந்தது. அடுத்த நவம்பர்ல வண்டியிலேர்ந்து விழுந்து காலை ஒடிச்சுகிட்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. கிறிஸ்துமஸ் பூராவும் கட்டில்ல. நோட்டீஸ்ல ரெண்டு பாட்டு நம்பர் தப்பாம். ஸ்டார் ஒரு பக்கம் சாய்ஞ்சு தொங்குச்சாம். பாடகர் குழுவுல யாரோ சீக்கிரம் ஆரம்பிச்சு, பின்னால வந்தவங்க பிடிச்சாங்களாம். இதையெல்லாம் என் வீட்டுக்காரி வந்து ஒவ்வொண்ணாச் சொல்லிச் சிரிக்கிறா. "யாராச்சும் என்னைத் தேடினாங்களா?"ன்னு கேட்டேன். "எல்லாரும் கேட்டாங்க, கால் எப்படி இருக்குன்னு"ன்னா. நான் கேட்டது அது இல்லன்னு அவளுக்குத் தெரியும்.

கத்தார் தம்பிக்கு எப்படியோ நம்பர் வாங்கி ஒரு நாள் போன் பண்ணினேன். பலகை விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு ஞாபகம் இருக்கு. "அதெல்லாம் விடுங்கண்ணே"ன்னான். அப்பறம் கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் படகு எங்கப்பா படகுண்ணே, நம்பர் கூடப் போட்டிருந்தேன், பார்த்தீங்களா?"ன்னான். நான் பார்க்கல. ‘ர’-வைத்தான் பார்த்தேன்.

இந்த வருஷம் செயலாளர் வேலையை விட்டுட்டேன். புதுசா வந்த பொண்ணுகிட்ட கணக்கை மட்டும் மூணு மாசம் கூட உக்காந்து காட்டிக் குடுத்தேன், ஃபப்ரீசியஸை நெனச்சுகிட்டு. மத்ததெல்லாம் அவங்க பாடு. போன ஞாயித்துக்கிழமை பலகையில ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளை ஏதோ எழுதிக்கிட்டிருந்துச்சு. ஒற்று மிகுமா மிகாதாங்கிற மாதிரி ஒரு எடம். பின்னால நின்னு பார்த்துட்டு செருப்பை மாட்டிகிட்டு வந்துட்டேன். சாக்பீஸ் பெட்டிச் சாவி இப்ப என்கிட்ட இல்ல.